பல் தெரியாத ஒரே படம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த டைரியை ரெக்சின் ஏஜென்ட் புத்தாண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சோபா படம் இருக்கிறது. ஒரு மாதமாகக் கடையில் சும்மா கிடந்தது. இன்று எடுத்து எழுதக் காரணம் ஆதர்ஷ். பிற்காலத்தில் நம் பேண்டைப் பற்றி யாராவது ஆவணப்படம் எடுப்பார்கள், அப்போது ஒருத்தராவது டைரி எழுதியிருக்க வேண்டும், அது நீதான் என்று சொல்லிவிட்டான். அவனே எழுதலாமே என்றேன். அவன் பாட்டு எழுதுகிறவனாம், டைரி வேறு எழுதினால் உள்ளே இருக்கும் சோகம் தீர்ந்துபோய்விடுமாம்.

ஆகவே, ஆவணப்படக்காரர்களுக்கு: நான் நவநீதன். வயது இருபத்தாறு. கோயம்புத்தூர், செல்வபுரம். பகலில் அப்பாவின் குஷன் கடையில் பழைய சோபாக்களுக்கு மேல்துணி மாற்றுகிறேன். சாயங்காலம் ‘ஈரத்துண்டு’ என்ற பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆதர்ஷ் பாடுகிறான், தலைவனும் அவன்தான். ஜோயல் கிட்டார், மிருதுளா டிரம்ஸ். மூன்று வருடத்தில் நாங்கள் வாசித்தது இரண்டு கல்லூரி விழா, ஒரு காபிக் கடைத் திறப்பு, ஜோயலுடைய அக்காவின் கல்யாண வரவேற்பு. கடைசியாகச் சொன்னதில் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்தச் சொல்லி கேக் வெட்டிவிட்டார்கள்.

இன்றைய செய்தி என்னவென்றால், மார்ச்சில் நம் ஊரிலேயே ‘புதுக்குரல் விழா’ நடக்கிறது. மாநிலம் முழுவதிலிருந்தும் எட்டே எட்டு பேண்டுகள். இந்த மாதம் இருபத்தேழாம் தேதிக்குள் இரண்டு பாட்டு, ஒரு வீடியோ, ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். பாட்டு தயார்.

அந்த மேடையில் நான் நிற்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னை ‘சோபாக்காரர் பையன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு நாளாவது வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டும். இந்தப் பத்தியை ஆவணப்படத்தில் போட வேண்டாம்.

பிப்ரவரி 5, வியாழன்

ஆதர்ஷ் வீட்டில் கூட்டம். போட்டோ எடுக்கப்போவது அவனுடைய நண்பன் விஷ்வக். கல்யாணத்துக்கு மட்டும் கேமராவைத் தொடமாட்டேன் என்று கொள்கை வைத்திருக்கிறான். உலகத்தில் எங்களைப் போலச் சொந்தப் பாட்டு வாசிக்கும் இண்டி ராக் பேண்டுகளின் படங்கள் அறுபதை லேப்டாப்பில் காட்டினான். அறுபதும் ஒரே படம் மாதிரி இருந்தது. நான்கு பேர், ஒரு செங்கல் சுவர். ஒருத்தரும் கேமராவைப் பார்ப்பதில்லை, ஒருத்தரை ஒருத்தரும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் வேறு யாரோ போட்டுக் கழித்த சட்டை. இவர்களுக்குள் சண்டையா என்று கேட்டேன். அதுதான் அழகு என்றான் விஷ்வக்.

திசைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆதர்ஷ் தரையைப் பார்க்க வேண்டும். ஜோயலுக்கு வானம். மிருதுளாவுக்கு இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். சிரிக்கவே கூடாது. சிரித்தால் சினிமாப் பாட்டுக் கச்சேரிக் குழு மாதிரி ஆகிவிடுமாம்.

பெயரை எப்படி எழுதுவது என்பதில்தான் நேரம் போனது. வெளிநாட்டு பேண்டுகள் பெயரைச் சின்ன எழுத்தில் போடுவார்களாம், அடக்கமாகத் தெரியுமாம். தமிழில் ஏதுடா சின்ன எழுத்து என்று ஜோயல் கேட்டதும் ஆதர்ஷுக்கு முகம் வாடிவிட்டது. கடைசியில் புள்ளிகளை எடுத்துவிடுவது என்று முடிவானது. ‘ஈரததுணடு’. வீட்டில் காட்டினேன். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இது எந்தப் பக்கத்து ஊர் என்று கேட்டார்.

பிப்ரவரி 7, சனி

சிங்காநல்லூர் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு பழைய மில்லின் சுவர். நாற்பத்தோரு படம் எடுத்தான் விஷ்வக். நாற்பத்தொன்றிலும் என் பல் தெரிகிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கடையில் ஒரு வழக்கம். சோபாவை வீட்டில் இறக்கியதும் வீட்டுக்காரர்களை அதில் உட்கார வைத்து, பக்கத்தில் என்னை நிற்க வைத்து, அப்பா ஒரு போட்டோ எடுப்பார். ‘சிரிடா கண்ணு’ என்பார். பதினைந்து வருடமாக இது நடக்கிறது. கடைச் சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். வாய் என்னுடையதுதான், ஆனால் கேமராவைத் தூக்கினால் அது அப்பா பேச்சைத்தான் கேட்கிறது.

மில் வாட்ச்மேன் ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக வந்து, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று ஜோயலிடம் விசாரித்தார். அப்படியெல்லாம் இல்லை என்றதும் நம்பாமல் என்னைக் காட்டி, “அப்புறம் ஏனுங், அந்தத் தம்பிக்கு மட்டும் சொத்து வந்துருச்சுங்களா?” என்றார்.

மிருதுளா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆதர்ஷ் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கண்ணாடி முன்னால் பயிற்சி. கேமரா இல்லாவிட்டால் சோகம் நன்றாக வருகிறது. அப்பா பார்த்துவிட்டு ஓமத்தண்ணீர் கொடுத்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மறுபடி மில் சுவர். இன்று என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். பத்துப் படம் எடுத்தபின் விஷ்வக், பின்னாலிருந்து பார்த்தாலும் சிரிப்பது தெரிகிறது, காது மேலே ஏறுகிறது என்றான். பெரிதாக்கிக் காட்டினான். ஏறித்தான் இருந்தது.

அடுத்து, என்னை மட்டும் மங்கலாக எடுத்துப் பார்த்தான். மங்கலிலும் பல் வெள்ளையாகப் பளிச்சிட்டது. அதற்கடுத்து ஆதர்ஷுக்கு ஒரு யோசனை வந்தது. நான் சட்டகத்துக்கு வெளியே நின்றால், இங்கே ஒருவன் இருந்திருக்கிறான் என்ற உணர்வு படத்துக்கு வருமாம். ஆழமான யோசனைதான். நின்றேன். சும்மா நிற்கிறாயே என்று வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைத் தெர்மாகோலைக் கையில் கொடுத்தார்கள். அது லேசான வேலை இல்லை. காற்றடித்தால் ஆளைத் தூக்கிவிடும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மிருதுளா, “நீ ஏன்டா எதுக்கெடுத்தாலும் சரி சரிங்கற?” என்று கேட்டாள். தெர்மாகோல் சரியாகத்தான் பிடித்தேன் என்றேன். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 12, வியாழன்

சுவர் வேண்டாம், இனி சோபா என்றான் விஷ்வக். வெட்டவெளியில் ஒரு கிழிந்த சோபா, அதில் பேண்டு. அறுபது படத்தில் இருபதில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் கோயம்புத்தூரில் கிழிந்த சோபாவை யாரும் தூக்கிப்போடுவதில்லை. எங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். எனவே முழுப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது, பெருமையாக இருந்தது. கடையின் பின்பக்கம் அப்படி ஒன்று கிடக்கிறது. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போனது. பூனை பிறாண்டிய பழுப்புத் துணி, ஒரு கை தொங்குகிறது, நடுவில் ஸ்பிரிங் எட்டிப் பார்க்கிறது. படம் அனுப்பினேன். விஷ்வக் மூன்று இதயம் போட்டான்.

சனிக்கிழமை காலையில் அந்த சோபா என் நண்பர்களுக்கு வேண்டும், முக்கியமான காரியம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா சரி என்றார்.

பிப்ரவரி 14, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தொண்டாமுத்தூர் சாலையில் அறுவடை முடிந்த ஒரு சோளக்காடு. நாங்கள் காத்திருந்தோம். அப்பாவே சரக்கு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தார். படுதாவை விலக்கினார். உள்ளே மெரூன் கலர் ரெக்சின், தங்க நிறப் பொத்தான்கள், புது ஃபோம் போட்டு ஒரு சோபா பளபளவென்று உட்கார்ந்திருந்தது. தொங்கின கை நிமிர்ந்திருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை வேறு.

இரண்டு நாளில் முடித்திருக்கிறார். நான் வீடுகளுக்கு அளவெடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் செய்திருக்கிறார். “உன்ற சிநேகிதங்களுக்குன்னு சொன்னியேடா. கிழிஞ்சதையா குடுக்கறது?” என்றார்.

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இருபத்தெட்டு வருடத்தில் அவரிடம் கிழிந்த சோபாவைக் கேட்டு வந்தவர் யாரும் இல்லை.

ஆதர்ஷ் வாயைத் திறக்கும் முன்னால் அப்பா நால்வரையும் உட்காரச் சொல்லி, போனை எடுத்துவிட்டார். வழக்கம் என்றால் வழக்கம்தான். சோளக்காடாக இருந்தால் என்ன. ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினார். மூன்று சொல்லும்போது ஜோயல் பிளாஸ்டிக் உறையில் வழுக்கிக் கீழே போய்ச் சேர்ந்தான். எல்லோரும் சிரித்துவிட்டோம், ஆதர்ஷும்தான். அவனுக்கு இவ்வளவு ஈறு இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

அப்பா போனபின் விஷ்வக் பத்துப் படம் எடுத்தான். மெரூன் சோபாவில் எவ்வளவு வெறுமையாகப் பார்த்தாலும் பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரிதான் இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

ஆதர்ஷ் ஒரு புது ஆளை அழைத்துவந்தான். பெயர் கைலாஷ். விஷ்வக்கின் கல்லூரியில் சிற்பம் படிக்கிறான். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, சாப்பிட்டு நாலு நாள் ஆன மாதிரி இருக்கிறான். வந்ததும் எட்டு புரோட்டா சாப்பிட்டான். சாப்பிடும்போதும் அதே முகம்தான்.

வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் நின்றால் போதும் என்று சொன்னார்கள் என்றான். போட்டோவிலும் வீடியோவிலும் எனக்குப் பதில் அவன் பேஸைப் பிடித்துக்கொண்டு நிற்பான், சத்தம் என்னுடையது. ஆதர்ஷ் என் தோளில் கைபோட்டு, நீ இந்த பேண்டின் ஆன்மா, ஆன்மாவை யாரும் பார்க்க முடியாது என்றான். மூன்று வருடத்தில் அவன் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொன்னதே இல்லை.

பிப்ரவரி 18, புதன்

கைலாஷுக்கு பேஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் தலைகீழாகப் பிடித்தான். அப்போதும் நன்றாகவே இருந்தது.

கடையில் ஒரு அம்மா, இருபது வருடத்துக்கு முன்னால் வந்த பச்சைப் பூப்போட்ட துணியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்பா வழக்கம்போல, “அந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க” என்று சொல்லி வேறு எடுத்துப் போட்டார். அப்பா அதைச் சொன்னால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. இந்த டைரியில் இன்றைய சோபா ஒருவர் மட்டும் உட்காருவது.

பிப்ரவரி 21, சனி

மில் சுவர். வீடியோ. நான் கேமராவுக்குப் பின்னால் நின்று, கைலாஷ் எப்போது எந்த விரலை அசைக்க வேண்டும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். இடையில் அவன் டீ குடிக்கப் போனான். வெளிச்சம் பார்க்க வேண்டும், அவன் இடத்தில் போய் நில் என்று விஷ்வக் என்னைச் சொன்னான். போய் நின்றேன்.

டீ டம்ளரோடு கைலாஷ் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான். கொஞ்சம் தயங்கினான்.

“அண்ணா, விழா மேடையிலயும் நான்தான் நிக்கணும்னு சொல்லிருக்காங்க. நீங்க ஸ்பீக்கருக்குப் பின்னாடி உக்காந்து வாசிப்பீங்களாம். உங்ககிட்ட சொல்லிட்டாங்கதானே? மிருதுளா அக்காதான், நீயே ஒரு வார்த்தை கேட்டுரு, இல்லாட்டி நிக்காதேன்னாங்க.”

சொல்லவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விஷ்வக் வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்தான்.

மில் சுவரில் தூசி அதிகம். கண் கலங்குவது இயல்பு.

லேப்டாப்பில் அந்தப் படம் வந்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஆதர்ஷ் முடியைக் கோதிக்கொண்டிருக்கிறான், ஜோயல் தும்மப்போகிறான், மிருதுளா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் நான். வாய் மூடியிருக்கிறது. நானே என்னை அப்படிப் பார்த்ததில்லை. “டேய், இத்தனை நாளா இந்த மூஞ்சிய எங்கடா வெச்சிருந்த?” என்று ஆதர்ஷ் என்னைக் கட்டிப்பிடித்தான். கைலாஷ் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தான். பேஸை என் கையில் கொடுத்து, “இதுக்கு மேல என்னால முடியாதுங்ணா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான். நல்ல பையன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

எனக்கு வலித்தது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

வீடியோவுக்கும் அதே முகம் வேண்டும் என்கிறார்கள். வரவில்லை. கேமரா வந்ததும் பல் வந்துவிட்டது. உடனே ஆதர்ஷ் என் எதிரில் வந்து நின்று, “நீ பேண்டுல இல்ல” என்றான். அது பொய் என்று தெரியுமாதலால் இன்னும் அதிகமாகச் சிரிப்பு வந்தது. உன் பேஸ் ஆற்றில் விழுந்துவிட்டது என்றான். ஆற்றில் ஏது தண்ணீர் என்று ஜோயல் கேட்டான். உங்கப்பாவுக்கு என்று ஆதர்ஷ் ஆரம்பித்ததும் டிரம்ஸ் குச்சி ஒன்று பறந்துவந்து சுவரில் பட்டது. அடுத்தது மூஞ்சியில் விழும் என்றாள் மிருதுளா.

கடைசியில் அந்த ஒரே படத்தையே மூன்று நிமிடத்துக்கு மெதுவாகப் பெரிதாக்கி வீடியோ என்று முடித்துவிட்டார்கள். அதுவும் இண்டி வழக்கம்தானாம்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் என்றது உண்மையா என்று ஆதர்ஷிடம் கேட்டேன். “அது அப்போடா. இப்ப நீதான் நம்ம முகம்” என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 27, வெள்ளி

அனுப்பிவிட்டோம்.

மார்ச் 9, திங்கள்

எட்டில் ஒன்று நாங்கள்.

விழாக்காரர்கள் எங்கள் படத்தையே பெரிய போஸ்டராகப் போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் மற்றவர்களை வெட்டிவிட்டார்கள். என் முகம் மட்டும், ஆள் உயரத்துக்கு. ஆதர்ஷின் இடது காது ஓரத்தில் இருக்கிறது. கீழே ‘ஈரததுணடு’. ஆதர்ஷ் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

குனியமுத்தூரில் சோபா இறக்குவதற்காக அப்பாவும் நானும் ஆட்டோவில் போனோம். உக்கடம் தாண்டியதும் ஒரு சுவரில் வரிசையாக ஆறு போஸ்டர். ஆறிலும் நான். அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ்காரர் திட்டிவிட்டுப் போனார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. இறங்கிப்போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

இதுதான் அந்த விழா, எங்கள் பேண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்றேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் அருமை என்கிறார்கள், இது ஆர்ட்டு என்றேன்.

“ஆர்ட்டு கெடக்குது. பதினஞ்சு வருசமா உன்ற மூஞ்சிய நாந்தானடா போட்டோ புடிக்கறேன். எனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆரு கண்ணு உன்னைய அழ வெச்சது?” என்று கேட்டார்.

ஊரே பார்த்த படம். இதை ஒருத்தர்கூட என்னிடம் கேட்கவில்லை. தெர்மாகோலில் ஆரம்பித்து ஸ்பீக்கர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நடுரோட்டில் அழுதேன், என் ஆறு முகத்துக்கும் முன்னால். அப்பா கடைசிவரை கேட்டார். சட்டைப் பையிலிருந்து பில்லெழுதும் பேனாவை எடுத்து, ஒரு போஸ்டரில் ‘துணடு’ மேல் புள்ளி வைத்தார். பிறகு, சரி, சோபாவை இறக்கிவிட்டு வரலாம் என்றார்.

சாயங்காலம் நேராக ஆதர்ஷ் வீட்டுக்குப் போனேன். மேடையில் முன்வரிசையில் நிற்பேன், சிரிப்பு வந்தால் சிரிப்பேன், ஆகாது என்றால் போஸ்டரில் இருக்கும் காதை வைத்து விழாவை நடத்திக்கொள் என்றேன். இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவன் தரையைப் பார்த்தபடி மன்னிப்பு மாதிரி ஒன்று கேட்டான். அது அவனுடைய திசை என்பதால் உண்மையா, பழக்கமா என்று தெரியவில்லை. ஆனாலும் ஏற்றுக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

விழா மைதானத்து வாசலில் அப்பா ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். பன்னிரண்டு அடி. சோளக்காடு, மெரூன் சோபா, ஜோயல் பாதி தரையில், எல்லோருக்கும் பல். ஆதர்ஷின் ஈறு இரண்டடி. ‘கலக்க வரும் எங்கள் வீட்டு ஈரத்துண்டுக்கு வாழ்த்துகள்’. எல்லாப் புள்ளியும் இருந்தது. கீழே கடை பெயரும் போன் நம்பரும், பழைய சோபாக்கள் புதிதாக்கித் தரப்படும் என்ற வரியும்.

ஆதர்ஷ் அதை அவிழ்க்கப் போனான். மிருதுளா கயிற்றுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். மூணு வருசத்துல நாம நாலு பேரும் சேர்ந்து சிரிக்கற படம் இது ஒண்ணுதான் என்றாள். ஆதர்ஷ் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். என் ஈறை மட்டுமாவது சின்னதாக்கியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மார்ச் 14, சனி

வாசித்தோம். முன்வரிசையில் நின்றேன், முழுக்கச் சிரித்தேன். மூன்றாவது பாட்டில் ஆதர்ஷுக்கும் வந்துவிட்டது. வெளியே அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. அப்பா பக்கத்தில் நின்று எல்லோரையும் ஒழுங்காக நிற்க வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சோபாவுக்கு அளவு சொல்லிவிட்டுப் போனார்களாம்.

மேடையை விட்டு இறங்கியதும் விழாவின் வீடியோ எடுக்கும் பெண் ஓடிவந்தாள். “நீங்கதானே அந்த போஸ்டர்?” என்றாள். என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஒரே ஒரு தடவை அந்த போஸ்டர் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் அப்பா போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஒண்ணு, ரெண்டு என்று அவர் வாய் அசைந்தது.

“அந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க” என்றேன்.